சாம்பலில் கிடந்த கம்பி

என் தங்கச்சி செல்வியைக் கட்டியதோடு என் பட்டறையையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட மாப்ள முருகேசா,

நல்லா இருக்கியா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நம்ம சேதியைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு வருஷத் திதி. நோட்டீஸ் அடிக்கப் போனேன். அச்சுக்கடைக்காரர் உன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நாலு வரி கவிதை போட்ரலாம்ணே" என்றார். "கவிதைன்னா அவன் போட்டோவுல இருந்தே எந்திரிச்சு ஓடிருவான். நானே எழுதித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அவனியாபுரத்தில் நம்ம வெல்டிங் பட்டறை அப்படியே ஓடுகிறது. வாசல் கேட்டு, ஜன்னல் கிரில் என்று வேலை வருகிறது. துடைக்கத்தான் உன்னை மாதிரி ஆள் இல்லை. ஒவ்வொரு எவர்சில்வர் குழாயையும் துணியில் தின்னர் தொட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்த பிறகுதான் என் கையில் தருவாய். "சுத்தமாத்தானடா இருக்கு?" என்பேன். "கண்ணுக்குத் தெரியாது மச்சான். விரலை வச்சுப் பாருங்க, வழுக்கும். இதோட வெல்டிங் வச்சா பத்துல ஓட்டை ஓட்டையா விழும்" என்பாய்.

சொன்னவன் நீ. கேட்டவன் நான். அப்புறமும் நமக்கு எப்படி மாப்ள புரியாமல் போனது?

ரிங் ரோட்டில் வண்டியோடு விழுந்தாய். தொடை எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "நம்ம சரக்கை விட நல்ல சரக்குடா. உனக்கப்புறமும் இருக்கும்" என்றேன். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் நான். அது பலிக்கும் என்று யார் கண்டது?

ஏழெட்டு மாசம் கழித்துத் தையல் ஓரத்தில் ஒரு கொப்புளம். உடைந்து, சீழ் கசிந்தது. "தொட்டி ஒழுகுதே, ஒரு வெல்டிங் பத்து வச்சு விடவா?" என்று கேட்டேன். நீயும் சிரித்தாய். செல்விதான் சண்டை போட்டு நம்மை ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். "கம்பியில கிருமி ஒட்டிருச்சு. ஒட்டின கிருமி தன்னைச் சுத்தி வழவழன்னு ஒரு போர்வையைப் போத்திக்கும். ரத்தத்துல மிதக்கறத மாத்திரை கொன்னுரும், போர்வைக்குள்ள இருக்கறதக் கொல்லாது. சதைன்னா ரத்தம் ஓடும், உடம்பு சண்டை போடும். கம்பில ஏது ரத்தம்? அதை எடுத்தாத்தான் தீரும். எலும்பு சேர்ற வரைக்கும் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டுவோம்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை மாப்ள. நான் என்ன சொன்னேன்? "எவர்சில்வர்ல எங்கடா கிருமி பிடிக்கும்? காலுக்கு வெளிய சட்டம் மாட்டிக்கிட்டுப் பட்டறையில உக்காந்தேன்னு வையி, வர்றவன் உன்னையும் கேட்டுன்னு நெனச்சு வெலை கேப்பான்."

விழுந்து விழுந்து சிரித்தாய். "மச்சான் சொல்றதுதான் சரி. மாத்திரையே குடுங்கம்மா" என்றாய். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மாத்திரையில் புண் மூடிக்கொண்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஆளுக்கு ரெண்டு கறிதோசை தின்றோம். மாத்திரை முடிந்து மூணாவது வாரம் உனக்கு நடுக்கிக்கொண்டு காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். நாலே நாளில் போய்விட்டாய்.

உன்னை எரித்த மறுநாள் காலையில் சுடுகாட்டுக்குச் சாம்பல் அள்ளப் போனபோது அந்தக் கம்பி கிடந்தது. வளையவில்லை, நெளியவில்லை. வெல்டிங் வைத்த இடம் மாதிரி நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். உன்னை மாதிரியே தின்னர் தொட்டுத் துடைத்தேன். எம்புட்டுத் துடைத்தால் என்ன?

இனிதான் மாப்ள சேதியே. செல்வி அன்றைக்கு டாக்டர் அறைக்குள் வரவில்லை, பணம் கட்ட வெளியே வரிசையில் நின்றாள். வந்து கேட்டபோது, "உம் புருஷன்தான் கம்பியை எடுக்க மாட்டேன்னுட்டான்" என்று சொல்லிவிட்டேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் தலையை ஆட்டினாய். உனக்கு மாலை போடும்போதெல்லாம், "எம் பேச்ச ஒரு நாளாச்சும் கேட்டாரா இந்த மனுசன்? வீம்பு பிடிச்சே போயிட்டாரு" என்று ஏசுகிறாள். நான் பக்கத்தில் நிற்கிறேன். ஊரையே கிண்டல் பண்ணுகிற இந்த வாய் அப்போது மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

இந்த நோட்டீஸை வாங்குகிற யாருக்காவது உடம்புக்குள் கம்பியோ தகடோ இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். தழும்பு சிவந்தாலும் கசிந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மேலே மூடியதை வைத்து உள்ளே ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூட வருகிற மச்சான் ஜோக் அடித்தால் செருப்பைக் கழற்றுங்கள்.

மாப்ள, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், இன்றைக்கே, இந்தத் தாளையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் போகிறேன். வாசலில் இருப்பது நாம் செய்த கேட்டு, நீ துடைத்துக் கொடுத்த குழாய். அதை அவள் என் முகத்தில் அடித்துச் சாத்தினாலும் வெளியே நின்று முழுசையும் வாசிப்பேன். உன் மேல் அவளுக்கு இருக்கிற கோபத்தை என் மேல் இறக்கி வைக்காமல் திரும்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை அவள் உனக்கு மாலை போடும்போது ஏசாமல் போடுவாள். இது சத்தியம்.

உன் தொடையைத் தொட்டுச் சொல்லும்
உன் வாய்க்கொழுப்பு மச்சான்,
பாண்டி