சரோஜம்மா வீடு கைமாறினது

சிங்காரப்பேட்டையில இருக்கிற என் வீட்டுக்காரருக்கு ஓசூர்லேருந்து வெங்கடம்மாள் கும்பிட்டு எழுதறது. உங்க முட்டிவலி குறைஞ்சுதா? எனக்கு வந்த காய்ச்சல் போயிருச்சு, பயப்பட வேணாம்.

ஒரு சின்ன விசயம். பச்சைப்பிள்ளை குளிப்பாட்ட எப்பவும் என்னையே கூப்பிடற சரோஜம்மா வீடு இனி எனக்கில்ல. காய்ச்சல்ல கிடந்தப்போ, கூடத் தங்கியிருக்கிற ரங்கம்மாவை எனக்குப் பதிலா அனுப்பினேன். புது ஆள் கையில பிள்ளையைத் தரமாட்டாங்களேன்னு என் எண்ணெய்க் கிண்ணத்தையும் அடையாளத்துக்குக் கொடுத்தேன். எங்க தொழில்ல கிண்ணத்தைக் கைமாத்தினா அந்த வீட்டு வேலையையே விட்டுக் கொடுத்ததா அர்த்தம். ரங்கம்மா அப்படி எடுத்துக்கமாட்டாள்னு நம்பினேன்.

காய்ச்சல் விட்டு எழுந்து போனா, சரோஜம்மா வாசல்லயே நிறுத்தி, "நீயே விட்டுக் கொடுத்துட்டியாமே" ன்னாங்க. உள்ளேருந்து ரங்கம்மா, "கிண்ணத்தை யாரு கொடுத்தது பெரியம்மா?" ன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சா.

அந்தம்மாவோட தலைச்சன் பிள்ளையைக் குளிப்பாட்ட, ஆடி மழையில கெலமங்கலம் ரோட்டுல நனைஞ்சுகிட்டே போனவ நான். அன்னிக்குத்தான் நம்பிக்கை வந்து பிள்ளையை என் காலுமேல போட்டாங்க. இன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ரெண்டு பேரையும் கட்டையில போறவரைக்கும் மறக்கமாட்டேன்.

வேற வீடு தேடிக்குவேன். விளக்கெண்ணெயும் வசம்பும் கொடுத்தனுப்புங்க. பேத்தி ராஜாத்தியையும் கொஞ்ச நாளைக்கு அனுப்புங்க, வேலைக்கில்ல, பேச்சுத்துணைக்கு. காய்ச்சல்ல எனக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்தவளும் ரங்கம்மாதான். இப்போ ஒரே அறையில ஆளுக்கொரு சுவத்தைப் பார்த்துப் படுக்கறோம்.

இந்தக் கடுதாசியைக் கொண்டுவர்ற ஊத்தங்கரை வண்டிக்காரர் நேரமாச்சுன்னு சத்தம் போடறார்.

வெங்கடம்மாள்