வேண்டாம் என்கிற மருதப்பன்

1957 நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு கண்ணாடி வைத்து முடி வெட்டிக்கொண்டேன். முன்பக்கம் சுமார். மதியம் வழக்கம்போல் கீழே கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் கித்தான் கட்டில் போட்டுத் தூங்கி எழுந்து பார்த்தால் பின்பக்கம் அமோகம். கை பழகிவிட்டது. கீழ்க்கடையில் நாவிதர் அழகப்பன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பாவம், என்னால் அவருக்குப் பிழைப்பில்லை.

சிங்கப்பூர் டன்லப் தெருவில் இந்த மாடி அறைக்கு வந்து பதினொரு வருஷம். யாரிடமும் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் சுத்தமாக, முழுசாக, ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவேன். பக்கத்து அறை பரீதா இன்றும் நெய்ச்சோறு நீட்டினாள். வேண்டாம்.

நவம்பர் 12, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பலகைக் கிட்டங்கியில் மேனேஜர் கூப்பிட்டார். பலகை எண்ணிக் கணக்கெழுதும் கிராணி வேலையில் இனி குடியுரிமைப் பத்திரம் உள்ளவர்கள்தான் நிரந்தரமாம். ஜனவரிக்குள் கொண்டு வா என்கிறார்.

என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தேன். கூடத் தங்கியிருந்தவன் அரிசி அட்டை இருந்த என் மூட்டையை எடுத்துக்கொண்டு போனான். கப்பல் பாஸ், பிறப்புச் சீட்டு எல்லாம் அதே மூட்டையில். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி ஒருவனையும் நம்பி நிற்பதில்லை.

ஊரில் தம்பி எழுதிவிட்டான், வீடு அவன் பெயரில்தானாம். ஆக அங்கும் நான் இல்லை. இங்கே இருக்கிறேனா என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும்.

நவம்பர் 19, செவ்வாய்

பதிவு அலுவலகம் போனேன். மொழிபெயர்ப்பாளர் பேரின்பநாயகம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்.

“கடதாசி இல்லையெண்டால் உம்மை எட்டு வருசமாத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

“என்னை யாருக்கும் தெரியாதுங்க.” கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நீர் இஞ்சை இருந்ததுக்கு ஆர் சாட்சி?”

“நானே சாட்சி.”

“உமக்கு நீரே சாட்சி சொல்லேலாது.”

நவம்பர் 20

நான் இருக்கிறேன் என்று நான் சொன்னால் செல்லாதாம்.

நவம்பர் 26, செவ்வாய்

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பதினொரு வருஷ நாட்குறிப்பு நோட்டுகளைப் பிரம்புக் கூடையில் போட்டுச் சுமந்துகொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டர் கை கொடுக்க வந்தான். வேண்டாம் என்றேன். முழங்கால் சிராய்ப்பு.

பேரின்பநாயகம் பொறுமையான மனிதர். ஒவ்வொரு நோட்டாகப் புரட்டி உரக்கப் படித்தார். “இண்டைக்கு ஒருத்தரோடையும் பேசவில்லை... இண்டைக்கும் பேசவில்லை... மழை. பேசவில்லை.” மூடி வைத்தார். “தம்பி, இதிலை ஒரு மனுசற்றை பேரும் இல்லை. இதை ரங்கூனிலை இருந்தும் எழுதலாம்.”

கூடையைத் திரும்பச் சுமந்து வந்தேன். வரும்போது கனம் கூடியிருந்தது. நோட்டு கனக்குமா என்ன?

டிசம்பர் 1, ஞாயிறு

சுவரைப் பார்த்து ஒத்திகை. ‘எனக்கு ஒரு உதவி’ வரை வருகிறது. அதற்குமேல் இருமல் வந்துவிடுகிறது.

டிசம்பர் 5

பரீதாவின் கதவு வரை போனேன். மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என் கையில் கடிகாரம் இருந்தது. அவளும் பார்த்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் பரீதா பொது அடுப்பறையில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் தட்டை நீட்டி, நான் வாயைத் திறக்குமுன் அவளே, “தெரியும்ணே, வேண்டாம்” என்று இழுத்துக்கொண்டாள்.

“வேணும்” என்றேன்.

கரண்டி கீழே விழுந்தது. அவள் ஜன்னலுக்கு ஓடி, தெருவைப் பார்த்துக் கத்தினாள். “அழகப்பண்ணே! வேண்டாம் அண்ணன் வேணும்னுட்டாரு!”

வேண்டாம் அண்ணனா? தெருவே என்னை அப்படித்தான் சொல்கிறதாம். பத்து வருஷமாக! பூக்காரர், மாவரைக்கிறவர், சோப்பு நுரையோடு பாதி முகம் மழித்த ஓர் ஆள், எல்லாரும் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்கள். சாட்சி விஷயத்தைச் சொன்னேன். இருமினேன், ஆனால் சொல்லிவிட்டேன்.

“நான் வரேன்லா” என்றாள் பரீதா. “உங்களப் பத்தி எனக்குத் தெரியாததா? உங்க ஜாடியில தண்ணி ஊத்துறதே நான்தானே.”

எந்த ஜாடி என்று கேட்டேன்.

ஒரு ஜாடி நீர் எனக்கு நாலு நாள் வருகிறது, என் சிக்கனம் அப்படி என்று இதே நோட்டில் எத்தனை தரம் எழுதியிருக்கிறேன்! நான் வேலைக்குப் போனதும் தினம் இரண்டு வாளி ஊற்றுகிறாளாம். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று கேட்கவில்லையாம்.

அழகப்பன் தலையைச் சொறிந்தார். “அப்ப நானும் சொல்லிடுறேன். கோவிச்சுக்காதீங்க கிராணியாரே. நீங்க வெட்டிக்கிட்டு வர்ற பின்மண்டை பாக்க சகிக்காது. என் கடை வாசல்லயே வேற படுக்குறீங்க, பாக்குறவன் நான் வெட்டினதுன்னு நெனச்சுக்குவான். அதான் நீங்க தூங்கறப்ப மெதுவா...”

“எத்தனை நாளா?”

“ஏழெட்டு வருசம் இருக்கும். நல்லாத் தூங்குவீங்க. ஒரு தடவை கூட அசைஞ்சதில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். பரீதா மட்டும் சிரிக்கவில்லை. “அம்பத்துமூணுல உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே, நெனப்பிருக்கா? அஞ்சு நாளு. தாப்பாளக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தோம். ஆளுக்கொரு பொழுது இருந்தோம். அப்புறம் நீங்க எந்திரிச்சு, மருந்தே இல்லாம நானே எந்திரிச்சிட்டேன்னு சொன்னீங்க. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

அந்தத் தாழ்ப்பாள் இன்னும் ஆடுகிறது. மரம் மட்டம் என்று வீட்டுக்காரரை ஏசிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 9

தூக்கமில்லை. ஒரே ஆத்திரம். இவங்கள யாரு கேட்டா? பதினோரு வருஷமா நானே நானேன்னு சொல்லிக்கிட்டிருந்தேனே, எதுதான் நானே செஞ்சது? சோறு? அரிசியில கல்லே இருக்காது. அதையும் எவனாவது பொறுக்கி வெச்சிருப்பானோ? கேக்கவே பயமா இருக்கு.

புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு குடிசை பார்த்துப் போய்விடலாம். யார் கண்ணிலும் படாமல்.

டிசம்பர் 10

டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். படி இறக்க இன்னோர் ஆள் வேண்டும். போகவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மூவரும் போனோம். பரீதா பெருநாள் சேலை, அழகப்பன் இரவல் கோட்டு. அதிகாரி ஒரு சீனர், சிரிக்காத முகம். பேரின்பநாயகம் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

“இவற்றை பேர் என்ன பிள்ளை?” என்று பரீதாவிடம் கேட்டார்.

“வேண்டாம்.”

“வேணும். பேர் கட்டாயம் வேணும்.”

“வேண்டாம்தாங்க.”

“பயப்படாதேங்கோ. சொன்னால் ஒண்டும் செய்யமாட்டினம்.”

“அதான் சொல்றேனே, வேண்டாம்னு!”

அதிகாரி என்னவென்று கேட்டார். சாட்சி பெயர் சொல்ல மறுக்கிறார் என்று பேரின்பநாயகம் ஆங்கிலத்தில் சொன்னார். அடுத்து அழகப்பன். நிமிர்ந்து நின்று, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “வேண்டாம்” என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நான் எழுந்து, “ஐயா, என் பேரு மருதப்பன்” என்றேன்.

“நீர் கதைக்கப்படாது. இரும்.”

பரீதா வாயைப் பிளந்து என் பக்கம் திரும்பினாள். “அட, உங்க பேரு மருதப்பனாண்ணே?”

பதினொரு வருஷம் பக்கத்து அறை. நான் சொன்னதே இல்லையே.

பெயர் தெரியாதவர் எப்படிச் சாட்சி என்று அதிகாரி கேட்டார். அவ்வளவுதான், இருவரும் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் காலில் ஆணி, எத்தனை மணிக்கு இருமுவேன், எந்தப் பக்கம் புரண்டு படுப்பேன், 1950 கலவரத்தன்று எந்த வழியாக வீடு வந்தேன்... எனக்கே தெரியாத சங்கதிகள். பேரின்பநாயகம் மொழிபெயர்த்துக் களைத்துத் தண்ணீர் குடித்தார். அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். உறுதிமொழி எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது பரீதா, “மருதப்பன்” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். “ம்ஹூம். ஒட்டல.”

1958 ஜனவரி 22, புதன்

பத்திரம் வந்தது. மருதப்பன், அதற்குப் பக்கத்தில் ‘என்கிற’ என்று போட்டு, வேண்டாம்.

நான் சிங்கப்பூர்க் குடிமகன் வேண்டாம்.

ஜனவரி 24

திருத்தக் கேட்டுப் போனேன். இந்தப் பெயர் என்னுடையது அல்ல என்று இரண்டு பேர் சத்தியம் செய்ய வேண்டும் என்றார் பேரின்பநாயகம். தெருவில் யாரும் சம்மதிக்கவில்லை.

“பொய்ச் சத்தியம் பண்ண முடியாது கிராணியாரே” என்றார் அழகப்பன்.

மார்ச் 2, ஞாயிறு

அழகப்பன் கடை நாற்காலியில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டேன். விழித்திருந்தேன். முதலில் இருவருக்குமே கூச்சம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெருநாள் முடிந்த வாரம். பரீதா பிரியாணி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். காரம் அதிகம் என்றும் சொன்னேன். நல்ல சண்டை.

1959 மே 30, சனி

ஓட்டு நாள். தெருவே கூட்டமாகப் போனது. வரிசையில் அழகப்பன் இல்லை. வெளியே வேலியோரம் எல்லார் குடைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“உள்ள வரலியா?”

“எனக்கு எங்க ஓட்டு? பத்திரம் இல்லியே.”

“ஏன் பதியல?”

“பதிவு மும்முரமா நடந்த அந்த மூணு மாசமும் உங்களமாதிரி ஆளுங்களுக்குச் சாட்சி சொல்லவே சரியாப் போச்சு. பதினாறு பேரு. அதுவுமில்லாம, என்னத்தான் எல்லாருக்கும் தெரியுமே, காயிதம் எதுக்கு?” சிரித்தார். பிறகு குடைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். “முந்தாநா கடை லைசென்சுக்குக் கேட்டாங்க கிராணியாரே. என்ன பண்றதுன்னு தெரியல.”

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். யாருக்குப் போட்டேன் என்று எழுதப்போவதில்லை. மனம் அதில் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

ஒரு வாரமாகச் சாயங்காலம் வேலை முடிந்ததும் கதவு கதவாகத் தட்டுகிறேன். முதல் வீட்டில் இருமல் வந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து வரவில்லை. அந்தப் பதினாறு பேரில் பாதிப்பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். ஒருவரைத் தேடிச் சுவா சூ காங் காய்கறித் தோட்டம் வரை பஸ்ஸில் போய், மிச்ச தூரம் நடந்தேன்.

அழகப்பனுக்குச் சாட்சி சொல்ல இரண்டு பேர் போதும் என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நாளைக்குப் பதிவு அலுவலகத்துக்கு இருபத்து மூன்று பேர் வருகிறார்கள். பஸ்ஸில் ஏற முடியாது. மேனேஜரிடம் போய்க் கிட்டங்கி லாரியைக் கேட்டேன். முடியாது என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். கொடுத்துவிட்டார்.

காலை ஏழு மணிக்கு லாரி. பரீதா முன்னால் உட்காருவாளாம். நான் பின்னால், பலகை ஏற்றும் இடத்தில், எல்லாரோடும்.