தேசிங்கின் சவரக்கத்தி

பவானி கேட்டாளே என்று, அவளுடைய பெட்டியில் கிடந்த பழைய சவரக்கத்தியின் துருவைப் பூவராகவன் இரண்டு நாளாகத் தேய்த்து நீக்கினான். கடலுக்குப் போய்த் திரும்பாத அவளுடைய முதல் கணவன் தேசிங்கின் கத்தி அது. துரு போனதும், அலகில் ‘பவானி’ என்று தேசிங்கு கீறியிருந்தது தெரிந்தது. பூவராகவனுக்கு வயிறு எரிந்தது.

அவள் மீன் விற்கப் போயிருந்தாள். வேலைக்குக் கிளம்புமுன் சீட்டு எழுதினான்.

“பவானி, கொழம்பு சட்டியில கீது, சுட வெச்சிக்கோ. உங்கண்ணன் வந்தா வண்டிச் சாவிய குடு. கத்திக்கு எண்ண தடவி அலமாரி மேல வெச்சிகீறேன், ஈரம் படாம பாத்துக்கோ. உம் பேர தேச்சி எடுத்துடலாம்னு உப்புத்தாள எடுத்தேன். மனசு வரல.”

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்.

“பொய் சொன்னேன். தேச்சிட்டேன். ‘ப’ மங்கிப்போச்சி, அதுக்குமேல கை ஓடல. சாயங்காலம் எவ்ளோ வேணும்னாலும் திட்டு. பேசாம மட்டும் இருக்காத.”