கடல் உங்களைக் கொல்லவில்லை, மச்சான்

என் அன்பு மச்சானுக்கு,

இந்த மழையில் நம்ம திராட்சைப் பந்தலில் பாதிக் குலை வெடித்துப் போனது. உங்க அப்பா முட்டி வலியோடு இன்னமும் தோட்டத்துக்குப் போய் வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. நீங்க போனப்ப அஞ்சாம் வகுப்பில் இருந்த கயல் இப்போது தேனியில் காலேஜ் படிக்கிறாள். கம்பத்திலிருந்து தினமும் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்த அன்றைக்கு முகம் வேறு மாதிரி இருக்கும், உங்களை மாதிரியே.

இதெல்லாம் நல்ல சேதி. நான் சொல்ல வந்தது வேறு. அதை ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் செய்ததும் ஊரறியத்தான்.

அந்தமானில் டூரிஸ்ட்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போவதுதானே உங்க வேலை, மழை பிடித்து டைவிங் நிற்கிற மாசங்களில் நீங்க வீட்டுக்கு வருவீங்க. டிவியில் எந்தப் படத்தில் எவன் தண்ணிக்குள் குதித்தாலும் உங்க வாய் சும்மா இருக்காது. "முதுகுல இருக்கது ஆக்சிஜன் இல்ல செல்வி, நாம இங்கன இழுக்குற அதே காத்துதான், அமுக்கி அடைச்சது." ஹீரோ கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆழத்துக்குப் போவான். "கட்ட விரலக் காட்டுனா மேல ஏறுவோம்னு அர்த்தம். இவன் கீழ போறான் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வீங்க. அடிபட்டவன் உடம்பிலிருந்து சிவப்பாக ரத்தம் பரவினால், அவ்வளவு ஆழத்தில் சிவப்பே தெரியாது, ரத்தம் பச்சையாகத்தான் தெரியும் என்பீங்க. சண்டை முடிந்து அவன் அம்பு மாதிரி மேலே வரும்போது உங்களுக்கு உண்மையிலேயே கோபம் வரும். "மூச்ச அடக்கிக்கிட்டு இப்பிடி ஏறுனா நுரையீரல் கிழிஞ்சிரும். மெதுவா ஏறணும், நடுவுல நின்னு நின்னு ஏறணும்."

சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முங்குகிற காட்சி வந்தால் சிரிக்கக்கூட மாட்டீங்க. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு ஒருத்தன் குதிப்பான், ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் அடியிலேயே கிடப்பான். "இதப் பாத்துட்டு எவனாச்சும் நம்ம ஆத்துல செஞ்சு பாப்பான். சத்தமே இல்லாம மயங்கிருவான். கரையில நிக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்வீங்க. ஒரே ஒரு வெளிநாட்டுப் படத்தை மட்டும் கடைசிவரை வாய் திறக்காமல் பார்த்தீங்க. அதில் தண்ணிக்குள் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. "இத எடுத்தவன் உள்ள போயிட்டு வந்தவன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனீங்க.

அப்படிப்பட்ட உங்க சாவை நான் ஒரு சினிமாவாக்கினேன்.

நீங்க கடலில் சாகவில்லை. அங்கே அந்தமானில், சீசன் நடுவே பெய்த ஒரு மழை ஈரத்தில் கடைக்குப் போய்த் திரும்புகிற வழியில் ஸ்கூட்டர் சறுக்கியது. தண்ணிக்குள் இறங்கும் முன்னால் ஒவ்வொரு வாரையும் ரெண்டு தடவை இழுத்துப் பார்க்கிற நீங்க, ஹெல்மெட் போடவில்லை. உங்ககூட வேலை பார்த்த ராபின் போனில் அழுதுகொண்டே இங்கிலீஷில் சொன்னார். தலையில் அடி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

உங்களை ஏற்றிக்கொண்டு மதுரை ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் ஊர் முடிவு பண்ணிவிட்டது. கடலுக்குள் வேலை பார்த்தவன் வேறு எப்படிச் சாவான்? தலைக்கட்டைக்கூடப் பாறையில் மோதியது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். உங்க சித்தி என் கையைப் பிடித்து, "கடல்லயாத்தா உசுரு போச்சு?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். கூட வந்த ராபினுக்குத் தமிழ் தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு விழாமல் நின்றால் போதும் என்று இருந்தது. அந்தத் தலையாட்டலை நீங்க மன்னித்திருப்பீங்க.

அதற்குப் பிறகு நடந்ததை? மறுநாள் மறுத்திருக்கலாம், அடுத்த வாரம் மறுத்திருக்கலாம். ரோட்டில் விழுந்தார் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். "குடிச்சிருந்தாரா?" அந்தக் கேள்விக்குப் பயந்தேன். கடலில் போனவர் பெண்டாட்டி என்றால் பஸ்ஸில்கூட எழுந்து இடம் கொடுத்தார்கள். அது எனக்கு வேண்டியும் இருந்தது.

முதல் வருஷத் தெவசத்துக்கு, கல்யாண வீடியோ எடுக்கிற நம்ம பாண்டி ஒரு வீடியோ செய்தான். உங்க போட்டோவை நான்தான் கொடுத்தேன். நாலைந்து படங்களிலிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டியிருந்தான். காற்று தீர்ந்துபோகிறது. தன் வாயிலிருந்த குழாயை எடுத்து ஒரு டூரிஸ்ட் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கையை விரித்தபடி ஒரு ஆள் அடிக்குப் போகிறான். பின்னால் வயலின் அழுகிறது. கொடுப்பதற்கென்றே இன்னொரு குழாய் எல்லோரிடமும் தொங்கும் என்று நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. தெரிந்தும் அழுதேன். தெரிந்தும் போனில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஏதோ படம். தண்ணிக்குள் ஒருத்தன் குழாய் அறுந்து துடிக்கிறான், கேமரா அவன் கண்ணுக்குப் பக்கத்திலேயே போகிறது. கயல் எழுந்து டிவியை நிறுத்தினாள்.

"அம்மா, அப்பாவும் இப்பிடித்தான் துடிச்சிருப்பாகளா?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் துடிச்சிருப்பாக? எனக்குச் சின்னப் பிள்ளையிலருந்து இதுதாம்மா கண்ணுக்குள்ள வருது. பாண்டிச் சித்தப்பா வீடியோவுல வர்ற ஆளு மூஞ்சி போயி அப்பா மூஞ்சி வந்துருது."

காலேஜில் ராமேஸ்வரம் கூட்டிப்போனபோது எல்லாப் பிள்ளைகளும் தண்ணியில் நின்றார்களாம், இவள் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறாள். அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஹெல்மெட்?" என்று கேட்டாள்.

"போடல."

"இத்தன வருஷமா நான் கடல வைஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஏம்மா?"

கொஞ்ச நாள் அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு காலையில், பையை மாட்டிக்கொண்டே, "தாத்தாகிட்ட நீதான் சொல்லணும். நான் கூட நிக்கிறேன்" என்றாள்.

உங்க அப்பா பந்தலுக்கடியில் வெடித்த குலைகளை வெட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் முகம் தெரியாதவர்களிடம்கூட உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிற மனுஷன். வைவார் என்று நினைத்துப் போனேன்.

"மாமா, அவுக கடல்ல போகல. ரோட்டுல ஸ்கூட்டர் சறுக்கித்தான் போனாக. நான்தான் ஊருகிட்டயும் உங்ககிட்டயும் மறைச்சுட்டேன்."

கத்தரியைக் கீழே வைத்தார்.

"உப்புத் தண்ணி குடிக்கலையா அவன்?"

"இல்ல மாமா."

"மூச்சு முட்டலையா?"

"இல்ல."

"அப்ப உடனே போயிட்டானா?"

"ஆமா மாமா. அங்கனயே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "முகம் கழுவுறப்ப மூக்குல தண்ணி ஏறும்ல ஆத்தா, அப்பல்லாம் அவன் நெனப்பு வந்துரும். எம்புள்ளைக்கு எப்பிடி இருந்திருக்கும்னு. ஊருக்குள்ள பெருமையாத்தான் பேசுவேன். வீட்டுக்கு வந்தா முகம் கழுவ முடியாது."

கயல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

உங்களுக்கு ஒரு பெரிய சாவைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், மச்சான். உங்க பிள்ளைக்கும் உங்க அப்பாவுக்கும் நான் கொடுத்தது ஒரு கொடுமையான சாவு. நீங்க பட்டே இருக்காத வேதனையை அவர்கள் ரெண்டு பேரும் உங்களுக்காக இத்தனை வருஷம் பட்டிருக்கிறார்கள். அதை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?

பாண்டி வீடியோவை அழித்துவிட்டான். "எத்தன பேரு பாத்தது அண்ணி" என்று முனகிக்கொண்டேதான் அழித்தான். கயல் இப்போது பேசுகிறாள், ஆனால் பழையபடி இல்லை. ராபினிடம் போனில் பேசுகிறாள், கடலுக்குள் நீங்க எப்படி இருப்பீங்க என்று கேட்கிறாள். தண்ணியில் இறங்குவாளா தெரியாது. இறங்கச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம். இனி யார் கேட்டாலும் மழை ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கித்தான் போனாக என்று சொல்லுவேன், ஹெல்மெட் போடவில்லை என்பதையும் சேர்த்து. குடிச்சிருந்தாரா என்று கேட்டால், இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். உங்க அப்பா இப்போதெல்லாம் தினமும் ஒரு தடவையாவது கேட்கிறார், "உடனே போயிட்டானாத்தா?" என்று. அவர் எத்தனை தடவை கேட்டாலும், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவேன்.

உங்க மாமன் மகள்,
கயலோட அம்மா,
செல்வி