உங்கப்பா போட்ட காபி

குடவாசல்,
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் உங்கப்பாவும் இங்கே சௌக்கியம், மெல்போர்ன் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வயலில் சம்பா நெல் கதிர் விடப் பொதி கட்டி நிற்கிறது, மழை இத்தோடு விட்டால் தேவலை. போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவரைப் பற்றியே எப்படிச் சொல்வது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஊருக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் பேச்சே குறைந்துபோனது கண்ணு. அவர் வயலுக்குப் போவார், நான் அடுப்படிக்குப் போவேன், சாப்பிட்டாச்சா என்பதோடு சரி. நீ வாங்கி வைத்த காபி மெஷினும் பெட்டி பிரிக்காமல் அலமாரி மேலேயே கிடந்தது. ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்து எனக்குக் கையில் கட்டுப் போட்டார்கள் இல்லையா, சோறு குழம்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும், விடிகாலைக் காபிக்கு யாரை எழுப்புவது. உங்கப்பாவுக்கு அடுப்பே பற்றவைக்கத் தெரியாது. "அடுப்புதானே தெரியாது, மெஷின் தெரியாதுன்னு யாரு சொன்னா" என்று பெட்டியைப் பிரித்துவிட்டார். டிராக்டரையே கழற்றி மாட்டுகிற தெம்பு.

முதல் நாள் வீட்டு ஃபில்டர் தூளைப் போட்டார், தண்ணீர் விர்ரென்று இறங்கி பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்தது. மறுநாள் அதையே மிக்சியில் மாவாக அரைத்து அமுக்கினார், மெஷின் முக்கியதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை, அவசரப்பட்டுக் கைப்பிடியைத் திருப்பினார், சக்கை வெடித்துச் சுவர், காலண்டர், அவர் மூக்கு எல்லாம் காபி. நான் சிரித்துவிட்டேன், மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே காபிக்கொட்டை கடைக்குப் போய், கடைக்கார ஹமீதா பானுவிடம் சொல்லி, சிக்கரி கலக்காமல் இரண்டு மூன்று பதத்தில் அரைத்து வாங்கி வந்தார். அதில் ஒன்று ஒத்துவந்தது, தேன் மாதிரி இறங்கியது. பால் நுரைப்பதுதான் பெரும்பாடு. ஆவிக்குழாயை ஆழமாக விட்டால் கத்துகிறது, மேலே தூக்கினால் தெறிக்கிறது. ஒரு நாள் நுனி மட்டும் பாலில் பட்டபடி பிடித்தார், உஸ்ஸென்று மெல்லிசாக ஒரு சத்தம். "பொன்னு, இந்தச் சத்தம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

எங்கள் கல்யாணத்தில் திருத்துறைப்பூண்டி மண்டப வாசலில் இதே உஸ்ஸென்ற சத்தத்தோடு மெஷினில் எஸ்பிரசோ காபி போட்டார்கள். நுரை மேல் சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பார்கள், அப்போது அது பெரிய அதிசயம். மேடையில் நின்றுகொண்டே உங்கப்பா ஆள் அனுப்பி எனக்கு ஒரு கப் வரவழைத்தார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று வெட்கப்பட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நீ குடிக்கலைன்னு அன்னைக்கு எனக்கு சாப்பாடே இறங்கல, என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்" என்றார். இத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார் பார். எனக்கு அழுகையும் வந்தது சிரிப்பும் வந்தது. அன்று வயலுக்கே போகவில்லை, அந்த மண்டபம், பந்தல், நீ பிறந்த வெள்ளக்காலம் என்று பேசிக்கொண்டே இருந்தோம், காபி ஆறிவிட்டது. அதிலிருந்து காபியோடு பேச்சும் வருகிறது.

போன வாரம் கட்டைப் பிரித்துவிட்டார்கள். "இனிமே நீயே போட்டுக்குவியா?" என்று கேட்டார், முகம் சின்னதாகிப் போனது. இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். வலியெல்லாம் போய்விட்டது, போனில் உளறி வைக்காதே.

மூன்று பேரும் நிறைவாக இருங்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே.

உன் அம்மா,
பொன்னுத்தாய்