சூப் வண்டி வரிசையில் உன் தம்பி

அன்பு மகள் லியெனுக்கு, ஆஸ்திரேலியாவில் நம் ஃபுட்ஸ்கிரேயிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கு முட்டிவலி, அப்பாவுக்கு இருமல், மற்றபடி இருக்கிறோம். கனடாவில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இரண்டு நாளாகப் பார்க்கிறேன், உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசி வைத்துவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் நம் தெருவில் சினிமா எடுத்தார்கள் என்று சொன்னேனே, பெரிய கம்பெனி இல்லை, ஆறேழு பேர், ஒரே ஒரு காமிரா. போதை ஊசி, வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்கள், வெள்ளைக்காரர்களும் நம் வியட்நாம் பிள்ளைகளும் ஆப்பிரிக்கப் பையன்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிவது, இதுதான் கதையாம். இதைத் திரையில் வேறு பார்க்கணுமா, கடை வாசலில் நின்றாலே தெரிகிறதே என்றார் அப்பா. அவர்களுக்கு ரொட்டி நம் கடையிலிருந்துதான் போனது, அந்த மரியாதைக்கு ஞாயிறு மதியம் படம் பார்க்கக் கூப்பிட்டார்கள். எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு, போனோம்.

பாதிப் படத்தில், இல்லாதவர்களுக்கு இலவசமாக சூப் ஊற்றும் வண்டி முன்னால் ஒரு வரிசை வருகிறது. அதில் நிற்பவர்கள் நடிகர்கள் இல்லை, நிஜமாகவே தெருவில் இருப்பவர்கள். மூன்றாவது ஆளாக உன் தம்பி வின் நிற்கிறான், லியென். முன்பல் ஒன்று இல்லை. சிட்னியில் ஊசி போட்டுச் செத்துவிட்டான் என்று அவன் கூட்டாளி வந்து அழுததை நம்பி, இரண்டு வருஷமாக நாம் படையல் போடுகிறோமே, அந்த வின். உடம்பைப் பார்க்காமல் கடை மாடத்தில் அவன் படத்தை வைக்காதீர்கள் என்று நீ தலைப்பாடாக அடித்துக்கொண்டாய். படைக்காவிட்டால் பிள்ளை பசியோடு அலைவானே என்று அப்பா அழுதார், நானும் தலையாட்டினேன்.

வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன், "உன் ஊருக்கே போய்க் குடிடா" என்று கத்துகிறான். "பஸ்ஸு வந்தா போறேன் பெருசு, நான் பொறந்த ஆஸ்பத்திரி ரெண்டு ஸ்டாப்புதான்" என்கிறான் இவன். அதே வாய்க்கொழுப்பு. எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கதாநாயகி அவனிடம், வீட்டுக்குப் போகலாமே என்கிறாள். "போனேனே. கடைக் கண்ணாடி வழியா பார்த்தேன், தாத்தா படத்துக்குப் பக்கத்துல என் படம், ஊதுபத்தி எரியுது. செத்தவன் எப்படி உள்ள போறது? திரும்பிட்டேன்" என்றான்.

அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நான் கடைக்கு வந்தபோது மாடத்திலிருந்து வின் படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவன வீட்ட விட்டு விரட்டினதும் நான், கொன்னதும் நான்" என்றார். தினமும் அவன் படத்துக்குச் சோறு வைத்தவள் நான்தானே.

அது போன ஜூலைக் குளிரில் எடுத்த காட்சி, அப்புறம் அவனைப் பார்க்கவில்லை என்கிறாள் படம் எடுத்த பெண். நேற்று சூப் வண்டியடியில் போய் நின்றேன், யாருக்கும் தெரியவில்லை. இன்றும் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, முன்னோர்கள் உன்னைக் காக்கட்டும். உன் பழைய ஆஸ்திரேலிய நம்பரை விட்டுவிடாதே, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான். கூப்பிட்டால் திட்டாதே, எங்கே இருக்கிறாய் என்றுகூட அப்புறம் கேட்டுக்கொள். மாடத்திலிருந்து உன் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று முதலில் சொல்.

உன் களைத்துப்போன
அம்மா