ஒலிப்பதிவு அறையில் மாப்பிள்ளை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பை மாற்றப் பதினெட்டு நிமிடம். போன வாரம் இருபத்தாறு. தேறிவிட்டேன்.

பெருங்குடலை முழுதாக எடுத்து இன்றோடு ஏழு வாரம். பதினோரு வருடம் புண்ணாகி என்னைப் பாடாய்ப்படுத்திய குடலுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எட்டிப் பார்க்க வைத்து, அதன்மேல் பை ஒட்டியிருக்கிறார்கள். வலிகூடப் பரவாயில்லை. ஆனால் அது பேசுகிறது. நேரங்காலம் இல்லாமல், வாய்க்கு வந்தபடி.

"நமக்குப் பொண்ணு இல்லாத குறையைத் தீர்க்க வந்திருக்கார் பாரு," என்றார் என் வீட்டுக்காரர். "பாத்துப் பாத்து சமைக்கணும். ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எப்ப முறுக்கிக்குவார்னும் தெரியாது. மாப்பிள்ளையேதான்."

பெயர் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 6, வியாழன்

ஒலிநூலக மேலாளர் போன் செய்தார். பார்வையில்லாதவர்களுக்காக அங்கே நான் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறேன். துப்பறியும் நாவல் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினான்கு அத்தியாயம் வெளியாகிவிட்டது, பத்து பாக்கி. கொலைகாரன் யாரென்று கேட்டு நச்சரிக்கிறார்களாம். கணக்கு வாத்தியார் மட்டுமே மூன்று தடவை கூப்பிட்டாராம். ஓய்வுபெற்ற மனிதர். நான் வாசிக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பிழைப்பட்டியல் அனுப்புகிறவர், நிமிடக் கணக்கோடு.

"ஏப்ரலுக்குள்ள முடிச்சிடுவீங்களாம்மா? இல்லன்னா மீதியைத் தேன்குரல்கிட்ட குடுத்துடலாம்."

தேன்குரல் போன வருடம் வாசிக்கச் சேர்ந்தவள். பிணத்தைப் பற்றிப் படித்தாலும் தாலாட்டு மாதிரிதான் படிப்பாள். நான் பதினான்கு அத்தியாயம் வளர்த்த கொலைகாரனை அவள் பிடித்துக் கொடுப்பதா? திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையைக் கேட்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அதே சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு அட்டை, மூக்குக்கு நேரே மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. இரண்டு மாடி கீழே லிஃப்ட் நின்றால் இங்கே பதிவை நிறுத்துவார்.

மூன்றாவது பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தீக்குச்சியைக் கிழிக்கிறார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நீளமாக, சந்தேகம் கேட்பதுபோல.

"ஒரு நிமிஷம் மேடம். செவத்துக்குள்ள குழாய்ல தண்ணி போற சத்தம்."

"ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை குழாயில் தண்ணீர் போனது.

மார்ச் 12, புதன்

சாப்பிட்டால்தானே சத்தம்? நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து போனேன். இன்று பதினாறு தடவை.

பை மாற்றச் சொல்லிக்கொடுத்த நர்ஸம்மா போனில் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "வெறும் வயித்துலதாம்மா காத்து சேரும். பட்டினி கிடக்கச் சொன்னது யாரு?"

யாரும் சொல்லவில்லை. சொந்த மூளை.

மார்ச் 13, வியாழன்

முட்டைக்கோஸ் வேண்டாம். சோடா வேண்டாம். அக்கா வீட்டு விருந்து வேண்டவே வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்

குஷனை வயிற்றில் வைத்து, துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசித்தேன். சத்தம் அமுங்கியது. பதினாறாம் அத்தியாயம் பாதி தாண்டியபோது வலது தொடையில் சூடாக — பையின் ஓரம் விட்டுவிட்டது.

குளியலறைத் தரையில உக்காந்து துணி அலசினேன். நாப்பத்தொம்பது வயசுல. வெளிய பாம்புச்செவி கதவத் தட்டி, "மேடம், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"ங்கறார். ஒண்ணுமில்லையாம்! நான் என்ன பாவம் பண்ணேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நாளைக்குப் போறது? தேன்குரலே படிக்கட்டும். போதும்.

மார்ச் 18, செவ்வாய்

போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தேன்குரல் கொலைகாரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது நாள் முழுவதும் காதில் கேட்டது. நாளை போகிறேன்.

மார்ச் 19, புதன்

போனால் அறைக்குள் பிளம்பர்! நான் லீவு போட்ட ஒரே நாளில் பாம்புச்செவி ஏற்பாடு செய்துவிட்டார். பஞ்சு அட்டையைக் கழற்றி, பிளம்பர் சுவரில் காதை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கொடுத்தார் ஒரு குரல்.

"இருக்கு சார், இருக்கு! இங்கதான்!"

நான் வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் விழுந்தது. காரை ஓர் அடிக்கு ஓர் அடி பெயர்ந்து வந்தது. உள்ளே குழாய் இருந்தது, துருப்பிடித்து, வறண்டு.

"இதுல தண்ணி வந்தே பல வருஷம் ஆயிருக்கும் சார். அப்ப அந்தச் செவருதான்."

இரண்டாவது சுவருக்குச் சுத்தியல் ஓங்கியதும் எழுந்துவிட்டேன். "நிறுத்துங்க. குழாய் செவத்துல இல்ல. எங்கிட்ட இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன், குஷன் வரைக்கும். காது சுட்டது. பிளம்பர் சுத்தியலைப் பார்த்தார். பாம்புச்செவி கீழே கிடந்த காரைக்கட்டியைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு, "அது எத்தனை மணிக்கு மேடம் அமைதியா இருக்கும்?" என்றார்.

இதை ஏன் நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை?

மார்ச் 29, சனி

பத்து நாள் குறித்துப் பார்த்துவிட்டேன். எட்டு மணிக்கு ரொட்டியும் வாழைப்பழமும், கூழாகும்வரை மென்று. தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் மிடறு மிடறாக. அப்படிச் செய்தால் பத்தேகாலிலிருந்து பதினொன்று வரை ஐயா தூக்கம். முக்கால் மணி நேரம் போதும். பாம்புச்செவி அறைக் கதவில் அட்டை மாட்டிவிட்டார்: 'பத்தேகால் முதல் பதினொன்று வரை யாரும் வர வேண்டாம்.' காரணம் போடவில்லை. மேலாளர் கேட்டதற்கு "சுவர் பிரச்சினை சார்" என்றாராம்.

ஏப்ரல் 9, புதன்

இருபதாம் அத்தியாயம். இருட்டு நிலவறை, சுவரில் நீர் கசிகிறது, இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு படியாக இறங்குகிறார். மாப்பிள்ளைக்கு ஆர்வம் தாங்கவில்லை, முன்னதாகவே எழுந்துவிட்டார். சின்னதாக ஒரு களக்.

நான் நிறுத்தப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாம்புச்செவி கையைத் தூக்கினார். "இருக்கட்டும் மேடம். தண்ணி கசியுதுன்னுதானே எழுதியிருக்கு?"

லிஃப்டுக்கு நிறுத்துகிற மனிதர்! இருவரும் திருட்டு மாங்காய் தின்றவர்கள்போல் சிரித்தோம். கணக்கு வாத்தியார் கண்டுபிடித்தால் மானம் கப்பலேறும் என்ற பயமும் இருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

கொலைகாரனைப் பிடித்தாகிவிட்டது. நான்தான் பிடித்தேன்.

மே 8, வியாழன்

கணக்கு வாத்தியாரின் பிழைப்பட்டியல் வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது. எட்டு வழக்கமானவை, அதில் இரண்டு இடத்தில் வரி தாண்டியிருக்கிறேன். ஒன்பதாவது: 'இருபதாம் அத்தியாயம், பதினேழாவது நிமிடம். அது தண்ணீர் இல்லை.'

வாசிப்பவரிடமே பேச வேண்டும் என்றாராம். எண்ணை அழுத்தினேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை மனிதர்.

"பை வலப்பக்கமா, இடப்பக்கமாம்மா?"

"...வலப்பக்கம் சார்."

"எனக்கும் அதே பக்கம்தான். ஆறு வருஷம் ஆச்சு."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்னோடது ஒண்ணுதான் இப்படிச் சத்தம் போடுதுன்னு நெனச்சு வெளிய போறதையே விட்டுட்டேன். அந்த எடத்தை மட்டும் நாலு தடவை கேட்டேம்மா."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை பேசினார். போனில் கேட்டிருக்க வேண்டும், வாத்தியார் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

"ஒம்பதாவதை அடிச்சிடச் சொல்லுங்க," என்றார். "அது பிழை இல்ல."

மே 9, வெள்ளி

திருத்தப் பதிவு முடிந்தது. எட்டுப் பிழைகள்.

அடுத்த நாவல் மேசைமேல் இருக்கிறது. கதை முழுக்கப் படகில் நடக்கிறதாம்.